காண்பதற்கும் பிடிப்பதற்கும் இடையே



மேசை விளிம்பில் இருந்த டம்ளர் ஒன்று கை பட்டுச் சாய்கின்றது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறுவன் அதைப் பார்க்கின்றான். அவன் கையும் நீள்கின்றது. அதற்குள் டம்ளர் தரையைச் சேர்ந்துவிடுகின்றது. "பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், பிடிக்கக் கூடாதா?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். சிறுவன்மேல் குற்றம் உண்டா என்று தீர்ப்பதற்கு முன்னர், ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நியாயம். சாதாரண மேசையின் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடுவதற்கு 0.39 விநாடிதான் ஆகும். ஒரு விநாடியை ஐந்து கூறாக்கினால் இரண்டு கூறு. இந்த இரண்டில் ஒரு கூறு, கண்ட காட்சியை மூளை உணர்ந்து கைக்கு ஆணை அனுப்புவதிலேயே செலவாகிவிடுகின்றது. எஞ்சிய ஒரு கூறில் கை நீண்டு, டம்ளர் இருக்குமிடத்தை அடைந்து, அதைப் பற்றவும் வேண்டும். சிறுவன் சோம்பேறி அல்லன். அவனுக்கு நேரம் போதவில்லை, அவ்வளவே.

காண்பதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள இந்தச் சிறு இடைவெளிக்கு எதிர்வினை நேரம் என்று பெயர். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சோதனைச் சாலை வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஸ்கேல் என்று சொல்லும் ஓர் அடிக்கோல், ஒரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பேர் — இவை போதும். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடி வீட்டின் ஒரே அறையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் குடும்பங்களுக்கு இதைவிட இடச் சிக்கனமான விஞ்ஞானப் பரிசோதனை கிடைப்பது அரிது. குழந்தைகள் பள்ளியில் வேறு மொழியில் கற்கும் விஞ்ஞானத்தை, வீட்டில் தாத்தா பாட்டியோடு தமிழில் பேசிச் செய்து பார்ப்பதற்கும் இது ஒரு நல்ல வாய்ப்பு.

செய்முறை இதுதான். சோதிக்கப்படுபவர் நாற்காலியில் அமர்ந்து, முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்குமாறு செய்துகொள்ள வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். மற்றொருவர் 30 சென்டிமீட்டர் அடிக்கோலின் மேல் நுனியைப் பிடித்து, அதை நேராகத் தொங்கவிட வேண்டும். பூஜ்யக் குறி கீழே, கட்டைவிரலின் மேல்விளிம்பிற்கு நேராக இருக்க வேண்டும். அடிக்கோலின் நுனிக்கும் பூஜ்யக் குறிக்கும் இடையே சிறிது வெற்றிடம் இருப்பதுண்டு. நுனியைப் பார்த்து வைக்காமல் குறியைப் பார்த்தே வைக்க வேண்டும். பிறகு, "இதோ விடுகிறேன்" என்று எச்சரிக்காமல், ஒருமுறை உடனேயும் ஒருமுறை நான்கு விநாடி காத்தும், ஒழுங்கில்லாமல் கோலை விட்டுவிட வேண்டும். அமர்ந்திருப்பவர் கோல் நழுவுவதைக் கண்டதும் விரல்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கை கீழே இறங்கக் கூடாது. கட்டைவிரலின் மேல்விளிம்பில் எந்த எண் நிற்கின்றதோ, அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்டிமீட்டர் எப்படி நேரமாக மாறும் என்று பிள்ளைகள் கேட்பார்கள்; கேட்கத்தான் வேண்டும். தடையின்றி விழும் பொருள் யாவும் புவியீர்ப்பினால் ஒரே முறையில் விரைவு பெறுகின்றன. ஆகவே விழுந்த தூரம் தெரிந்தால் விழுந்த நேரமும் தெரியும். அடிக்கோலே இங்கே கடிகாரமாகின்றது. தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 490 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் விநாடி கிடைக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே செய்துகொள்வார்கள். சிறியவர்களுக்காக விடைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 5 சென்டிமீட்டர் என்றால் 0.10 விநாடி, 10 என்றால் 0.14; 15 என்றால் 0.175, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.226, 30 என்றால் 0.247. 5 சென்டிமீட்டருக்கு ஆகும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரத்தில் கோல் 20 சென்டிமீட்டர், அதாவது நான்கு மடங்கு தூரம், விழுந்துவிடுகின்றது. நேரம் சிறிது தவறினால் தூரம் பெரிதும் தவறும் என்பதை இதிலேயே காணலாம்.

20 சென்டிமீட்டரில் பிடித்தவருக்கும் 22 சென்டிமீட்டரில் பிடித்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான அளவினால் யாருக்கு என்ன என்று தோன்றலாம். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டத்தில் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது இதே நூறில் ஒரு பங்கு விநாடியினால்தான். அவ்வளவு நேரத்தைப் பிள்ளைகள் தங்கள் அடிக்கோலில் இரண்டு சென்டிமீட்டராகக் கண்ணால் பார்க்கலாம்.

ஒருமுறை பிடித்ததைக் கொண்டு ஒருவரை விரைவானவர் என்றோ மந்தமானவர் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. பத்து முறை செய்து, எண்களை ஏறுவரிசையில் எழுதி, ஐந்தாவது எண்ணுக்கும் ஆறாவது எண்ணுக்கும் சராசரி எடுங்கள். ஒரே ஒருமுறை கவனம் சிதறியதால் வந்த பெரிய எண்ணும், குருட்டு அதிருஷ்டத்தால் வந்த சிறிய எண்ணும் அந்த நடு எண்ணைக் கெடுப்பதில்லை. பெரும்பாலான பெரியவர்கள் 15 சென்டிமீட்டருக்கும் 25க்கும் இடையே பிடிப்பார்கள். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் கோலை முழுவதுமே நழுவவிடுவது உண்டு. அதற்காக அவர்களைச் சிரித்து வாடச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு 0.3 விநாடி ஆகின்றது என்றால் கோல் 44 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். நீண்ட மெல்லிய மரச்சட்டம் ஒன்றில் பென்சிலால் குறியிட்டுக்கொள்ளலாம்.

சில கெட்டிக்காரப் பிள்ளைகள் 3 அல்லது 4 சென்டிமீட்டரில் பிடித்துவிட்டுப் பெருமை கொள்வார்கள். அது விரைவு அன்று, ஊகம். விடுபவரின் விரல் இலேசாக அசைவதையோ, அவர் மூச்சை இழுப்பதையோ கண்டு முன்கூட்டியே கையை மூடிவிடுகின்றனர். 0.10 விநாடிக்குக் குறைவாக வந்தால் அதை அடித்துவிடுங்கள். உலகத் தடகளப் போட்டிகளிலும் இதே விதிதான் உள்ளது: துப்பாக்கி ஒலித்து பத்தில் ஒரு விநாடி ஆவதற்குள் ஓட்டக்காரரின் கால் உந்தியிருந்தால், அவர் ஒலியைக் கேட்டு ஓடவில்லை, ஒலிக்கும் என்று எதிர்பார்த்தே ஓடினார் என்று கருதப்படும்.

வீட்டுக்கு வரும் மாமாக்கள் குழந்தைகளை ஏமாற்றும் ஒரு பந்தயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். நூறு ரூபாய் நோட்டை நெடுக்காகத் தொங்கவிட்டு, அதன் நடுவில் குழந்தையின் விரல்களை இருபுறமும் வைக்கச் சொல்லி, "நான் விடும்போது பிடித்தால் நோட்டு உனக்கே" என்பார்கள். இப்போதுள்ள நூறு ரூபாய் நோட்டின் நீளம் 14.2 சென்டிமீட்டர். நடுவிலிருந்து மேல் நுனிவரை 7.1. அந்தத் தூரம் 0.12 விநாடியில் விழுந்துவிடும். உண்மையாகக் கண்டு பிடிப்பவர் எவருக்கும் இந்த நேரம் போதாது. மாமாவின் பணம் பத்திரமாகவே இருக்கும். கணக்குத் தெரிந்த குழந்தை, நோட்டின் கீழ் நுனிக்கு நேராகக் கை வைக்க அனுமதி கேட்கும், அங்கே 14.2 சென்டிமீட்டர் கிடைக்கும், அதாவது 0.17 விநாடி. அப்போது மாமா சற்று யோசிப்பார்.

இந்த இடைவெளியின் சரித்திரத்தில் ஒருவருடைய பிழைப்பே போயிற்று. இங்கிலாந்தில் கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக மாஸ்கெலின் என்பவர் இருந்தார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியில் உள்ள மெல்லிய கம்பியைக் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஒலியைக் கேட்டுக்கொண்டே குறிப்பது அங்குள்ளவர்களின் பணி. உதவியாளர் கின்னபுரூக் குறித்த நேரங்கள், தலைவர் குறித்தவற்றைவிட முதலில் அரை விநாடியும் பின்னர் 0.8 விநாடியும் பிந்தியிருந்தன. எச்சரித்தும் திருந்தவில்லை என்று, 1796ஆம் ஆண்டில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, கோனிக்ஸ்பெர்க் நகரிலிருந்த பெஸ்ஸல் என்னும் வானியல் அறிஞர் இந்தச் செய்தியைக் கருத்திற்கொண்டு, பெயர் பெற்ற வானியலாளர்கள் சிலரோடு தம்மையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இருவரும் ஒத்துப்போகவில்லை! தேர்ந்த கண்ணும் காதும் உடையவர்களிடையேகூட இத்தகைய வேறுபாடு இயற்கையாகவே உண்டு என்பது அப்போதுதான் விளங்கிற்று. கின்னபுரூக்கிற்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

அதே கோனிக்ஸ்பெர்க் நகரில், 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் வேறொரு வழியில் இந்தப் புதிருக்குள் நுழைந்தார். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லர் கருதியிருந்தார். மாணவரோ தவளையின் நரம்பொன்றை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும் தொலைவில் ஒரு முறையும் மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்குவதற்கு ஆன நேர வேறுபாட்டைக் கண்டார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று விடை வந்தது. மின்னலின் வேகம் என்று எண்ணியிருந்தது, ஓடும் ரயிலின் வேகமாக முடிந்தது. மனிதனின் விரைவான நரம்புகளில் இது 50 மீட்டருக்கும் மேல்.

மூளையிலிருந்து விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொண்டால், ஆணை அங்கே போய்ச் சேர நூறில் இரண்டு பங்கு விநாடி போதும். கோல் பரிசோதனையில் ஆவதோ நூறில் இருபது பங்கு. மீதி எங்கே போயிற்று? ஒளி பட்டதும் கண்ணின் உட்படலத்தில் இரசாயன மாறுதல் நிகழ்ந்து, அது நரம்புச் செய்தியாக மாறுவதில் ஒரு பகுதி கழிகின்றது. கோல் அசைந்தது என்று மூளை தெளிந்து, விரலை மூடு என்று தீர்மானிப்பதில் பெரும்பகுதி கழிகின்றது. தசை சுருங்கி விரல் நகரவும் சிறிது நேரம் வேண்டும். காதுக்கு இவ்வளவு தாமதம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, விடுபவர் கோலை விடும் அதே கணத்தில் "விடு" என்று சொல்லச் செய்து பாருங்கள். அல்லது விடுபவர் மற்றொரு கையால் உங்கள் தோளைத் தொடட்டும். கண்ணால் கண்டு பிடிப்பதைவிடச் சில சென்டிமீட்டர் முன்னதாகவே பலர் பிடித்துவிடுவார்கள். சொல்வதும் விடுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும் என்பதுதான் இதில் கடினம்.

சூடான தோசைக்கல்லில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது வேறு வகை. அங்கே முதுகுத்தண்டே ஆணை பிறப்பித்துவிடும். சுட்டது என்னும் செய்தி மூளைக்கு எட்டுவதற்குள் கை விலகியிருக்கும். அதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். கோல் பிடிப்பது அத்தகையது அன்று. அது ஒரு தீர்மானம். ஆகவேதான் அதற்கு நேரமாகின்றது.

இனி, இந்த நேரத்தைப் பயிற்சியால் குறைக்க முடியுமா என்பதைப் பார்ப்போம். ஓரளவு முடியும். முதல் பத்துமுறையைவிட அடுத்த இருபது முறையில் பெரும்பாலோருக்கு எண் குறையும். ஏன் குறைகின்றது என்பதை ஆராய்ந்தால், நரம்பு விரைவடைந்தது என்று சொல்வதற்கில்லை. எங்கே பார்ப்பது, விரலை எவ்வளவு அகலமாக வைப்பது, எப்போது தயாராவது என்பதை மனம் கற்றுக்கொண்டது. நாள்தோறும் பத்து நிமிஷம் என்று ஒரு வாரம் செய்து, நடு எண்ணைக் கட்டத்தாளில் குறித்து வாருங்கள். கோடு முதலில் இறங்கும், பிறகு சமவெளியாகிவிடும். எண்களின் சிதறல் குறைவதுதான் பயிற்சியின் உண்மையான இலாபம் என்பது என் கருத்து. 12, 27, 18 என்று தாறுமாறாக வந்தவை 17, 19, 18 என்று நெருங்கி வரும். மூளையின் வேகத்தைச் சில நாளில் இரட்டிப்பாக்குவதாக விளம்பரம் செய்வோர் இந்தச் சமவெளியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எண்ணைக் கெடுப்பவை எவை என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நன்றாக உறங்கிய காலையிலும், கண்விழித்த மறுநாளிலும் செய்து ஒப்பிடலாம். வலக்கையையும் இடக்கையையும் ஒப்பிடலாம். வானொலி பாடும்போதும் அதை நிறுத்திவிட்டும் செய்யலாம். நிறுத்திவிடுங்கள் என்று வானொலியிலிருந்தே சொல்வது விந்தைதான், இருப்பினும் விஞ்ஞானத்திற்காகப் பொறுத்துக்கொள்வோம். தாத்தாவின் எண் பேரனுடைய எண்ணைவிடக் கூடியிருந்தால் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. இருபதுகளில்தான் மனிதன் மிக விரைவாயிருக்கின்றான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் நேரம் மெல்ல மெல்லக் கூடுவது இயற்கை.

வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்கென்றே ஒரு சோதனை உண்டு. கோலுக்காகக் காத்திருக்கும்போது பதின்மூன்றாம் வாய்பாட்டை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். முதலில் பள்ளியில் கற்ற மொழியில், பிறகு தமிழில். மனம் வேறொரு வேலையில் இருக்கும்போது கோல் கூடுதலாக நழுவும். பழகாத மொழியில் வாய்பாடு சொல்லும்போது மனம் அதற்கு அதிகமாக உழைக்க வேண்டியிருப்பதால், கோல் இன்னும் கீழே போகக்கூடும். எந்த மொழி எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அடிக்கோல் காட்டுகின்றதா என்று பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் விடை ஒரே மாதிரி வர வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் அஞ்சாங்கல் ஆடும் பெண்ணின் கை எப்படி அவ்வளவு விரைகின்றது? அவள் ஒரு கல்லை 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு எறிகின்றாள் என்று கொள்வோம். அது மேலே போக 0.25 விநாடி, திரும்பி வர 0.25 விநாடி. இந்த அரை விநாடிக்குள் தரையில் உள்ள கற்களை அள்ளி, விழும் கல்லையும் ஏந்திவிடுகின்றாள். கல் விழுவதைக் கண்டு பிடிப்பதாயின் இது இயலாது. எறியும்போதே அது எங்கே, எப்போது வரும் என்பதை அவள் கை அறியும். கண் கீழேயுள்ள கற்களிலேயே இருக்கும். கிரிக்கெட்டிலும் இதே கதைதான். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, மட்டையை அரை விநாடிக்குள் அடைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் லாண்ட், மக்லியோட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் மட்டையாளரின் கண் அசைவைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரரின் கண் பந்தை இறுதிவரை தொடர்ந்து செல்வதில்லை. பந்து கையை விட்டதும், அது தரையில் எங்கே குத்தும் என்று ஊகித்த இடத்திற்கு முன்னதாகவே தாவி, அங்கே காத்திருக்கின்றது.

மாதுங்கா சண்முகானந்தா மண்டபத்தில் கச்சேரி கேட்டவர்களுக்கு மற்றோர் உதாரணம். பாடகரின் சங்கதியைக் கேட்ட பிறகே மிருதங்க வித்துவான் கையை உயர்த்துவாராயின், ஒவ்வொரு சொல்லும் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் பிந்தியே விழும். துரித காலத்தில் கச்சேரியே கலைந்துவிடும். அவர் கேட்டு அடிப்பதில்லை; வரப்போவதை அறிந்து, அதனோடு சேர்ந்து அடிக்கின்றார். கோல் பரிசோதனையில் ஊகத்தை ஏமாற்று என்று அடித்துவிட்டோம். வாழ்க்கையிலோ நம் விரைவு என்று பிறர் வியப்பதில் பெரும்பகுதி இந்த ஊகமே. வரும் என்று அறியாதது வரும்போதுதான் அடிக்கோல் காட்டிய உண்மையான தாமதம் வெளிப்படுகின்றது.

தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தாலோ தாமதம் இன்னும் வளரும். விடுபவர் இரு கைகளிலும் இரண்டு அடிக்கோல்களைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஒன்றை மட்டும் விடட்டும். எதிரே இருப்பவர் அந்தப் பக்கத்துக் கையை மட்டும் மூட வேண்டும். ஒரே கோலில் 18 சென்டிமீட்டரில் பிடித்தவர் இங்கே கோட்டைவிடுவதைக் காண்பீர்கள். எதைச் செய்வது என்று மனம் தேர்வதற்கு ஆகும் நேரத்தை 1868இலேயே ஹாலந்து தேசத்து அறிஞர் டாண்டர்ஸ் இவ்வாறு கழித்துக் கண்டார். 1952இல் ஹிக் என்பவர், தேர்வுகளின் எண்ணிக்கை கூடக் கூட நேரமும் ஓர் ஒழுங்கான முறையில் கூடுவதை நிறுவினார்.

நம் நகரங்களின் தெருவில் தேர்வுகளுக்குக் குறைவில்லை. பஸ், சைக்கிள், மாடு, கைவண்டி, எதிர்த்திசையில் வரும் மோட்டார்சைக்கிள் — எல்லாம் ஒருங்கே வருகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16.7 மீட்டர் கடக்கின்றது. வண்டியோட்டி அடிக்கோல் பிடிப்பவரைப்போல் தயாராகக் காத்திருப்பவர் அல்லர். எதிர்பாராததைக் காண வேண்டும், இன்னது என்று அறிய வேண்டும், தீர்மானிக்க வேண்டும், காலை எடுத்துப் பிரேக்கின்மேல் வைக்க வேண்டும். சாலைகளை அமைக்கும் நம் நாட்டுப் பொறியாளர்கள் இதற்கெல்லாம் சேர்த்து 2.5 விநாடி என்று கணக்கில் கொள்கின்றனர். அந்த நேரத்தில் வண்டி ஏறத்தாழ 42 மீட்டர் ஓடிவிடும். பெரிய நகரப் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினாலும் அதைவிடக் குறைவு. பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவருக்கு இந்த 2.5 விநாடியும் போதாது. வாய்பாடு சொல்லிக்கொண்டு கோல் பிடித்த குழந்தைக்கு அதன் காரணம் தெரிந்திருக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர்.

மும்பைப் புறநகர் நிலையங்களில் மேம்பாலத்தில் ஏறாமல் தண்டவாளத்தைக் கடப்பவர்கள், வண்டி தூரத்தில்தான் வருகிறது, ஓடிவிடலாம் என்று கணக்கிடுகின்றனர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஒரு விநாடி தயங்கினால் ஏறத்தாழ ஒரு பெட்டியின் நீளத்துக்கு வண்டி நெருங்கிவிடும். வண்டியோட்டும் நேயர்களுக்கு ஓர் உபாயம்: முன்னே செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் மிக நெருங்கிச் செல்கிறீர்கள் என்று பொருள்.

இறுதியாக, பொங்கல் விழாவுக்குத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் பிள்ளைகள் கூடும்போது செய்யத்தக்க ஒரு பரிசோதனை. இருபது பேர் வட்டமாகத் தரையில் அமர்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் தோள்மேல் கை வைத்து, கண்ணை மூடிக்கொள்ளட்டும். முதல்வர் ஒரு கையால் கைப்பேசியில் உள்ள ஓட்டக் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே மறு கையால் அடுத்தவரின் தோளை அழுத்த வேண்டும். அழுத்தம் உணர்ந்தவர் அடுத்தவரை அழுத்த வேண்டும். சுற்றி வந்து தம் தோளை எட்டியதும் முதல்வர் கடிகாரத்தை நிறுத்துவார். ஒருவருக்கு 0.2 விநாடி என்றால் சுற்றுக்கு 4 விநாடி ஆகும். முதற்சுற்றில் இதைவிட மிகுதியாகவே ஆகும், சிரிப்பும் இடையே புகும். சற்றுப் பழகிய பிறகு, தோளுக்குப் பதிலாகக் கணுக்காலைப் பிடித்து ஒரு சுற்று, மீண்டும் தோளில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் பத்துப் பத்து முறை செய்யுங்கள். தோள்களை எல்லாம் முதலில் முடித்துவிட்டுக் கால்களுக்குப் போனால், பயிற்சியின் பலன் கால் பக்கமே சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

கணுக்காலிலிருந்து மூளைக்குப் போகும் பாதை, தோளிலிருந்து போவதைவிடக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் கூடுதல். ஆகவே கால் சுற்று சற்றுப் பிந்தும். இரு வகைச் சுற்றுகளின் சராசரிகளுக்கிடையே 0.4 விநாடி வேறுபாடு வந்தால், அதை இருபதால் வகுக்க, ஒருவருக்கு 0.02 விநாடி. ஒரு மீட்டரை 0.02 விநாடியில் கடப்பது விநாடிக்கு 50 மீட்டர் வேகம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையைக் கொண்டு கண்டதை, பிள்ளைகள் தம் கைகால்களைக் கொண்டே கண்டுவிடலாம். டில்லியிலோ சண்டிகரிலோ ஜனவரிக் குளிரில் இதைச் செய்வோர் முதலில் கையையும் காலையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது நல்லது. குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகவே செல்லும்.